கை நீளணும், அப்புறம்தான் யோசனை: வாங்குற ஆசையோட விளையாடுற கலை பத்தி

கேள்வி இதுதான்: "நுகர்வுக் கலாச்சாரத்த விமர்சிக்கிறோம்னு சொல்ற கலைஞர்கள் சூப் டப்பா, ஷாப்பிங் பை, பலூன் பொம்மைன்னு பண்ணி வச்சுட்டு கடைசில அதையே மில்லியன் கணக்குல விக்கிறாங்க. இது விமர்சனமா விளம்பரமா? இந்த விளையாட்டுத்தனத்துல உண்மையிலேயே ஏதாவது விஷயம் இருக்கா?"

இருக்குங்க. நெறயவே இருக்கு. ஆனா இந்த மாதிரி கலைய "இதுல என்ன மெசேஜ்"னு தேடிக்கிட்டே பாத்தா ஒண்ணும் கிடைக்காது, ஏன்னா மெசேஜ் ரொம்ப சாதாரணம், "நாம தேவைக்கு மேல வாங்குறோம்", அவ்வளவுதான், அது யாருக்குத்தான் தெரியாது. தெரிஞ்சும் வாங்குறோம். அதனால புத்தி சொல்ற கலை இங்க தோத்துப்போகுது. ஜெயிக்கிற படைப்பு என்ன பண்ணுதுன்னா, முதல்ல உங்களுக்கு ஆசைய உண்டாக்குது, கை லேசா நீளுது, அந்த நொடியில உங்க ஆசைய உங்களுக்கே காட்டுது. விளையாட்டு அங்க அலங்காரம் இல்ல, அதுதான் அந்தப் படைப்பு வேலை செய்யுற முறையே. நான் ஒரு படைப்ப நல்லதா இல்லையான்னு பாக்குறதும் இத வச்சுத்தான்: அது என்னை ஆசைப்பட வச்சுதா, வச்சப்புறம் என்ன பண்ணுச்சு?

இதுக்கு எனக்கு ரொம்பப் புடிச்ச உதாரணம் அமெரிக்க சிற்பி க்ளாஸ் ஓல்டன்பர்க். 1961 டிசம்பர்ல நியூயார்க்ல கிழக்கு 2-வது தெருவுல ஒரு சின்ன கடைய வாடகைக்கு எடுத்து 'தி ஸ்டோர்'னு பேர் வச்சார். உள்ள சட்டை, ஷூ, கேக் துண்டு, பை, உள்ளாடைன்னு அக்கம்பக்கத்து கடைகள்ல என்னவெல்லாம் தொங்குமோ எல்லாமே, ஆனா எல்லாம் கம்பி வலை மேல பிளாஸ்டர்ல நனைச்ச துணிய சுத்தி, மேல எனாமல் பெயிண்ட வழிய வழியப் பூசி செஞ்சது. முன்னாடி கடை, பின்னாடி பட்டறை, செய்யுறவரும் அவரே விக்கிறவரும் அவரே. விலையும் கடை விலை மாதிரியே சில்லறையோட, 21 டாலர் 79 சென்ட்ங்கிற மாதிரி. இதுல என்ன அழகுன்னா, அந்த கேக் பாக்க அசிங்கமா இருக்கும், பெயிண்ட் ஒழுகி, மேடும் பள்ளமுமா, ஆனாலும் வாயில எச்சில் ஊறும். விளம்பரத்துல வர்ற கேக் வழவழன்னு கச்சிதமா இருந்து ஆசையத் தூண்டும், இவரோட கேக் அந்த வழவழப்பு எதுவுமே இல்லாம அதே ஆசையத் தூண்டுது, அப்போ ஆசை கேக்குல இல்ல, நம்மகிட்டதான் ஏற்கெனவே தயாரா உக்காந்துருக்குன்னு புரியுது. இத எந்தக் கட்டுரையும் எனக்கு இவ்வளவு நேரா புரிய வச்சதில்ல.

அடுத்த வருஷமே அவர் பெருசாக்க ஆரம்பிச்சுட்டார். துணியில தச்சு உள்ள ஃபோமும் அட்டைப்பெட்டியும் அடைச்ச ராட்சச பர்கர், ரெண்டு மீட்டருக்கு மேல அகலம், தரையில கெடக்கும். தையல் வேலையில பெரும்பங்கு அவரோட அப்போதைய மனைவி பேட்டி முக்கா பண்ணது, அத சொல்லாம விடக்கூடாது, ரொம்ப நாள் யாரும் சரியா சொல்லல. சிற்பம்னா கல்லு, வெண்கலம், நிமிர்ந்து நிக்கிறதுன்னு இருந்த காலத்துல இது தொளதொளன்னு சரிஞ்சு கெடந்துச்சு, சாப்பிட்டு முடிச்ச வயிறு மாதிரி. 1967-ல கனடாவுல ஒன்டாரியோ ஆர்ட் கேலரி அந்த பர்கர வாங்குனப்போ மாணவர்கள் எதிர்ப்பு தெரிவிக்க ஒரு ராட்சச கெட்சப் பாட்டில செஞ்சு தூக்கிட்டு வந்தாங்க. எதிர்க்க வந்தவங்களே அந்த விளையாட்டுக்குள்ள வந்து சேந்துட்டாங்கன்னுதான் நான் அதப் பாக்குறேன்.

அமெரிக்க பாப் ஓவியர் ஆண்டி வார்ஹோல் பத்தி எல்லாருக்கும் தெரியும், சுருக்கமா சொல்றேன், ஆனா ஒரு விஷயம் முக்கியம். அவர் வெளியில இருந்து விளம்பர உலகத்தப் பாத்து கல்லெறிஞ்ச ஆள் இல்ல, பல வருஷம் ஷூ விளம்பரத்துக்கு படம் வரைஞ்சு சம்பாதிச்சவர், ஆசைய எப்படி தயாரிக்கிறாங்கன்னு உள்ள இருந்து தெரிஞ்சவர். 1962-ல லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபெரஸ் கேலரியில 32 கேன்வாஸ், அப்போ கேம்ப்பெல் கம்பெனி வித்த ஒவ்வொரு வகை சூப்புக்கும் ஒண்ணு, சுவர் ஓரமா ஒரு சின்ன பலகை மேல கடையில அடுக்குற மாதிரியே அடுக்கி வச்சாங்க. பக்கத்துல இருந்த இன்னொரு கேலரிக்காரர் நிஜ சூப் டப்பாவ ஜன்னல்ல அடுக்கி "அசல் இங்க கம்மி விலைக்கு"ன்னு போர்டு வச்சாராம். ஒரு படம் 100 டாலர். சிலர் எடுத்துக்குறேன்னு சொல்லியிருந்தாங்க, ஆனா கேலரி நடத்துன இர்விங் ப்ளம் இது 32-ம் ஒண்ணா இருந்தாத்தான் படைப்புன்னு முடிவு பண்ணி, மொத்தத்தையும் 1000 டாலருக்கு, மாசம் 100 டாலர் தவணையில தானே வாங்கிட்டார். அந்த முடிவு சரியான முடிவு. தனியா ஒரு டப்பா வெறும் படம், 32 டப்பா வரிசையா நிக்கும்போதுதான் 'தேர்வு பண்ற சுதந்திரம்'னு நாம நெனைக்கிறது உண்மையில எப்படி இருக்குன்னு தெரியுது, எல்லாம் ஒரே செவப்பு வெள்ளை, லேபிள்ல ஒரு வார்த்தை மட்டும் மாறுது. 1996-ல நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அத வாங்குனப்போ மதிப்பு ஏறக்குறைய 15 மில்லியன் டாலர்.

1980கள்ல விஷயம் வேற மாதிரி போச்சு. அதுவரைக்கும் பொருள் மேல இருந்த கவனம் இப்போ பொருளச் சுத்தி இருக்குற வெளிச்சம், கண்ணாடி, மேடை, எழுத்துன்னு அதுங்க மேல வந்துச்சு. ஜெஃப் கூன்ஸ்ங்கிற அமெரிக்கக் கலைஞர் புத்தம்புது வேக்யூம் கிளீனர கண்ணாடிப் பெட்டிக்குள்ள ட்யூப்லைட்டோட வச்சார், ஒரு தடவகூட ஆன் பண்ணாத மெஷின், ஆன் பண்ணா அழுக்காயிடும், பழசாயிடும். பொருள் வாங்குன முதல் நாள் இருக்குற அந்த சந்தோஷத்த, அந்த பிளாஸ்டிக் உறைய உரிக்காம வச்சுக்குற மனச, அது அப்படியே உறைய வச்சுடுச்சு. சில்வி ஃப்ளூரிங்கிற ஸ்விஸ் கலைஞர் 1990-ல ஷாப்பிங் போய் வாங்குன பைகள பிரிக்காமலே கொண்டுவந்து கண்காட்சி தரையில வச்சாங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. பை நல்லா இருக்கு, ரிப்பன் நல்லா இருக்கு, எட்டிப் பாக்கணும்னு தோணும். ரெண்டும் ஒரே விஷயத்தத் தொடுது: வாங்குறதுக்கும் பயன்படுத்துறதுக்கும் நடுவுல இருக்குற அந்த சின்ன இடைவெளியிலதான் ஆசை முழுசா இருக்கு, பிரிச்சதும் கொறய ஆரம்பிச்சுடும். கூன்ஸோட பின்னாடி வந்த ராட்சச பலூன் பொம்மை வடிவச் சிற்பங்கள் எனக்கு அவ்வளவா ஒட்டாது, அதுல ஆசை இருக்கு, ஆனா அந்த ரெண்டாவது அடி, திருப்பிக் காட்டுறது, பளபளப்புல காணாமப் போயிடுதுன்னு நினைக்கிறேன். 1986-ல செஞ்ச ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முயல் மட்டும் விதிவிலக்கு, அதோட முகம் இருக்க வேண்டிய இடத்துல கண்ணாடி மாதிரி உங்க முகம்தான் தெரியும்.

பார்பரா க்ரூகர்ங்கிற கலைஞரோட கதை உங்க கேள்விக்கு நேரடியா சம்பந்தப்பட்டது. அவங்களும் பத்திரிகை டிசைனரா வேலை பாத்தவங்கதான். 1987-ல ஒரு கை, அந்தக் கை அட்டை மாதிரி ஒண்ண நீட்டுது, அதுல செவப்பு பின்னணியில வெள்ளை எழுத்துல "நான் வாங்குகிறேன், ஆகவே நான் இருக்கிறேன்". தத்துவவாதி டெகார்ட் சொன்ன "சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்"ல ஒரே வார்த்தை மாறியிருக்கு. அப்புறம் என்ன ஆச்சுன்னா அது ஷாப்பிங் பை மேலயே அச்சாச்சு. 2000-க்கு அப்புறம் லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடை தன் தள்ளுபடி விற்பனைக்கே க்ரூகரோட வாசகங்கள அவங்க சம்மதத்தோட கடை முழுக்க தொங்கவிட்டுச்சு. சுப்ரீம்னு ஒரு துணி பிராண்ட் அதே செவப்புப் பெட்டி வெள்ளை எழுத்து பாணிய தன் லோகோவா வச்சு பெரிய ஆளாயிடுச்சு. அப்போ சந்தை அவங்கள முழுங்கிடுச்சுன்னு அர்த்தமான்னு கேட்டா, ஆமா முழுங்குச்சு, ஆனா அந்த வாசகம் கடைக்குள்ள தொங்கும்போது அதப் படிச்சுக்கிட்டே பில் கவுன்டர்ல நிக்கிறவங்க மனசுல என்ன நடக்கும்னு யோசிங்க. மியூசியம் சுவர்ல இருக்கும்போது அது ஒரு கருத்து, கடைக்குள்ள இருக்கும்போதுதான் அது நிஜமாவே நம்மகிட்ட பேசுது. முழுங்கப்பட்டதாலேயே சரியான இடத்துக்குப் போய்ச் சேந்த படைப்புன்னு நான் சொல்வேன். எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க, பரவால்ல.

முழுங்குறதப் பத்தி பேசும்போது பிராடா மார்ஃபாவ விட முடியாது. எல்ம்கிரீன், டிராக்செட்னு ரெண்டு கலைஞர்கள் 2005-ல டெக்சாஸ் பாலைவனத்துல, நெடுஞ்சாலை ஓரமா, சுத்தி ஒண்ணுமே இல்லாத இடத்துல பிராடாங்கிற விலை உசந்த ஃபேஷன் பிராண்டோட கடை மாதிரியே ஒண்ண கட்டுனாங்க. உள்ள அந்த வருஷத்து நிஜ ஷூ, நிஜ ஹேண்ட்பேக். கதவு திறக்காது. யாருக்கும் எதுவும் விக்காது. கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சு மண்ணோட போகட்டும்னுதான் திட்டம். ஆனா திறந்து சில நாள்லயே உடைச்சு திருடிட்டாங்க, திரும்ப வச்சப்போ பைகளுக்கு அடிப்பாகம் இல்ல, ஷூ எல்லாமே வலது கால் மட்டும். யாருக்கும் உபயோகப்படாது, ஆனா ஜன்னல் வழியா பாக்க அதே அழகு, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது! ஷோகேஸ்னா என்னன்னு இதவிட தெளிவா விளக்க முடியாது. இன்னொண்ணு, 2013-ல டெக்சாஸ் போக்குவரத்துத் துறை இது அனுமதி இல்லாத சாலையோர விளம்பரம்னு எடுத்துச்சு, அடுத்த வருஷம் அத ஒரு மியூசியம்னு வகைப்படுத்தி தப்பிக்க வச்சாங்க. நீங்க கேட்ட அதே கேள்விதான், "விமர்சனமா விளம்பரமா", ஒரு அரசுத் துறை சட்டப்படியே கேட்டிருக்கு.

சீனக் கலைஞர் ஷூ ஜென் 2007-ல இத இன்னும் ஒரு படி தள்ளிட்டுப் போனார். அமெரிக்காவுல மியாமியில ஆர்ட் பேசல்ங்கிற பெரிய கலைச் சந்தை நடந்த சமயம், ஒரு முழு ஷாங்காய் மளிகைக் கடை, அலமாரி, ஃப்ரிட்ஜ், கல்லாப்பெட்டி எல்லாம் உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டும் டப்பாவும் நிஜம், ஆனா உள்ள காலி, உள்ளிருந்தத எடுத்துட்டு திரும்ப ஒட்டி வச்சது. கடை விலைக்கே வாங்கலாம். வாங்கவும் செஞ்சாங்க. கையில எடுக்குறப்போ எடை இல்லாம தூக்கிட்டு வரும் பாருங்க, அந்த உணர்வுதான் படைப்பு, அலமாரி இல்ல. நாம எத்தன தடவ உறைக்காகவே ஒண்ண வாங்கியிருக்கோம்னு அந்த எடையில்லாத டப்பா கேக்குது, வாய்விட்டுக் கேக்காமலே.

சின்னதா ஒண்ணு, கிறிஸ்டியன் யாங்கோவ்ஸ்கி, ஜெர்மன்காரர், 1992-ல வில்லும் அம்பும் எடுத்துட்டு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய் ஃப்ரீசர்ல இருக்குற கோழி, வெண்ணெய் மாதிரி பொருள், டிஷ்யூ ரோல் எல்லாத்தையும் வேட்டையாடி, அம்பு குத்துனபடியே பில் கவுன்டர்ல வைக்கிறார், அங்க இருக்குறவங்க அமைதியா பில் போடுறாங்க. ஒரு நிமிஷ வீடியோ. மனுஷன் சாப்பாடு தேடுன லட்சக்கணக்கான வருஷம் அந்த ஒரு நிமிஷத்துக்குள்ள வந்துட்டுப் போகுது, அதப் பாத்து சிரிக்காதவங்கள நான் பாத்ததில்ல.

சரி, விலை விஷயம். உங்க கோபம் நியாயமானது, அத நான் தட்டிக்கழிக்கல. 1961-லயே பியரோ மன்சோனிங்கிற இத்தாலியக் கலைஞர் இத யோசிச்சிருக்கார், 90 டப்பா, உள்ள 30 கிராம் கலைஞனோட மலம்னு லேபிள், விலை அன்னைக்கு அதே எடை தங்கத்தோட விலை. கலைஞன் தொட்டதெல்லாம் பொன்னுங்கிற நம்பிக்கைய அவ்வளவு நேரா புடிச்சுக் காட்டுனது வேற யாரும் இல்ல. 2019-ல மௌரீசியோ கட்டெலான் சுவர்ல டேப் போட்டு ஒட்டுன வாழப்பழம் 1,20,000 டாலர், அதோட ஒரு பிரதி 2024-ல ஏலத்துல 6.2 மில்லியன் டாலர், அந்தப் பழம் தெருவோர பழக்கடையில 35 சென்ட்டுக்கு வாங்குனது. வாங்குனவர் பத்திரிகைக்காரங்க முன்னாடி வாழப்பழத்த சாப்பிட்டார். அவர் வாங்குனது பழம் இல்ல, சான்றிதழும் எப்படி ஒட்டணும்ங்கிற குறிப்பும்தான். எனக்கு இந்தப் படைப்பு ஓரளவுக்குத்தான் புடிக்கும், ஏன்னா இது ஏலக்கூடத்த மட்டும்தான் பாக்குது, நம்ம ஆசையத் தொடவே இல்ல, யாரும் அந்த வாழப்பழத்துக்கு ஏங்கல. அதவிட 2021-ல எம்எஸ்சிஹெச்எஃப்னு ஒரு குழு பண்ணது எனக்குப் பெருசு. வார்ஹோலோட 1954 கோட்டோவியம் ஒண்ண 20,000 டாலருக்கு வாங்கி, மெஷின வச்சு 999 நகல் எடுத்து, அசலையும் அதுல கலந்து 1000 படத்தையும் தலா 250 டாலருக்கு வித்தாங்க. வாங்குன ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ஒருவேளை அசல் இருக்கலாம். அந்த "ஒருவேளை"தான் அவங்க வித்த பொருள். ஆசையோட மூலப்பொருளே அதுதான?

அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரஸ். 1991-ல அறை மூலையில பலவண்ணக் காகிதம் சுத்துன மிட்டாய்க் குவியல், 175 பவுண்டு எடை இருக்கணும்னு கணக்கு. யார் வேணா எடுத்துச் சாப்பிடலாம், காசு கிடையாது. பேருல ராஸ்னு ஒருத்தர் இருக்கார், கலைஞரோட காதலர், அதே வருஷம் எய்ட்ஸ்ல செத்துப்போனவர். இது தெரியாம ஒரு மிட்டாய எடுத்து வாயில போட்டுட்டு அப்புறம் இதப் படிக்கிறவங்க நெலமைய நெனச்சுப் பாருங்க. குவியல் கொறஞ்சுக்கிட்டே வருது, ஒரு உடம்பு கரையுற மாதிரி, ஆனா மியூசியம் திரும்ப திரும்ப நெரப்பி வைக்கலாம். இனிப்பு மேல இருக்குற ஆசையும் ஒரு மனுஷன் மேல இருக்குற ஆசையும் அங்க ஒரே காகிதத்துல சுத்தி இருக்கு. ஆசைன்னாலே தப்புன்னு சொல்ற கலைக்கு நடுவுல இது ஒண்ணு தனியா நிக்குது.

ரெண்டு படைப்பு மட்டும் மிச்சம், இந்த விஷயத்துல எனக்கு எல்லாத்தவிடவும் பெருசுன்னு தோணுறது, ரெண்டையும் சேத்து பாக்கணும்.

ஒண்ணு பிரிட்டிஷ் கலைஞர் மைக்கேல் லேண்டி பண்ணது. 2001 பிப்ரவரி, லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெரு, பெரிய பெரிய கடைகள் இருக்குற தெரு, அதுல மூடிப்போன ஒரு சி அண்ட் ஏ துணிக்கடை. அந்தாளு தன்கிட்ட இருந்த எல்லாப் பொருளையும் கணக்கெடுத்தார், எண் போட்டு பட்டியல், மொத்தம் 7,227. சாக்ஸ், பாஸ்போர்ட், காதல் கடிதம், நண்பர்களான கலைஞர்கள் கொடுத்த படைப்புகள், அவரோட சாப் கார். மஞ்சள் தட்டுல வச்சு கன்வேயர் பெல்ட்ல ஓடவிட்டு, ரெண்டு வாரத்துல உதவியாளர்களோட ஒவ்வொண்ணா பிரிச்சு, உடைச்சு, அரைச்சுத் தள்ளினார். தொழிற்சாலையில பொருள் செய்யுற வரிசைய அப்படியே தலைகீழா ஓட்டுன மாதிரி. நுழைவுக் கட்டணம் இல்ல, ஷாப்பிங் வந்தவங்க பையோட உள்ள வந்து நின்னு பாத்தாங்க. முடிஞ்சப்போ அவர்கிட்ட போட்டிருந்த நீல வேலை உடை தவிர ஒண்ணும் இல்ல. விக்கிறதுக்கும் ஒண்ணும் இல்ல, மிச்சம் குப்பைக்குப் போச்சு. உங்க விலைக் கேள்விக்கு இதவிட சுத்தமான பதில் இல்ல. ஆனா எனக்கு முக்கியமானது அது இல்ல. கடைசிப் பொருட்கள்ல ஒண்ணா அவரோட அப்பாவோட ஆட்டுத்தோல் கோட்டு இருந்துச்சு. அப்பா சுரங்கம் தோண்டுற தொழிலாளி, விபத்துல உடம்பு ஒடிஞ்சு போனதால அந்த கனமான கோட்ட அவரால போட முடியாமப் போச்சு. அந்தக் கோட்டு பெல்ட்ல சுத்திச் சுத்தி வந்துச்சு. பொருள்னா வெறும் பொருள்தான்னு காட்ட ஆரம்பிச்ச ஒரு வேலையில, அது பொய்னு அந்தக் கோட்டு காட்டிடுச்சு.

இன்னொண்ணு சீனக் கலைஞர் சோங் டோங் பண்ணது, பெய்ஜிங், 2005. அவரோட அம்மா ஜாவ் ஷியாங்யுவான் பஞ்ச காலத்துல குடும்பத்தக் காப்பாத்துனவங்க, எதையும் தூக்கி எறிய மாட்டாங்க. 2002-ல அப்பா இறந்தப்புறம் சேத்து வைக்கிறது ரொம்ப அதிகமாயிடுச்சு, வீடே நெறஞ்சு போச்சு. தூக்கிப் போடுன்னு பையன் சொல்லிப் பாத்தார், நடக்கல. அப்புறம் அம்மாவையே கூட்டாளியாக்கி, வீட்டு மரச்சட்டம் உட்பட பத்தாயிரத்துக்கு மேல பொருள கண்காட்சிக் கூடத்துல வகைவகையா அடுக்குனாங்க: காலியான பற்பசைக் குழாய், பாட்டில் மூடி, முக்கோணமா மடிச்ச பிளாஸ்டிக் பை, பழைய ஷூ, துணி வெட்டுத் துண்டு. அம்மா அங்கயே இருந்து வர்றவங்ககிட்ட ஒவ்வொண்ணோட கதையும் சொன்னாங்க, ஜனங்க தங்களோட கதைய அவங்ககிட்ட சொன்னாங்க, துக்கத்துல அடைஞ்சு கெடந்தவங்க திரும்பப் பேச ஆரம்பிச்சாங்க.

அதுல துணி துவைக்கிற சோப்பு வரிசை ஒண்ணு உண்டு. ரேஷன் காலத்துல பட்ட கஷ்டம் பிள்ளைக்கு வரக்கூடாதுன்னு வருஷக்கணக்கா மிச்சம் புடிச்ச சோப்பு, பையனுக்கு கல்யாணம் ஆனப்போ கொடுத்தாங்க. எங்ககிட்ட வாஷிங் மெஷின் இருக்கும்மா, இது வேண்டாம்னு சொல்லிட்டார். அம்மா ஒண்ணும் சொல்லல, திரும்ப எடுத்து அவருக்காகவே பத்திரமா வச்சிருந்தாங்க. காஞ்சு கல்லு மாதிரி ஆன அந்த சோப்பு, அவரைவிட வயசு அதிகமானதும் அதுல இருக்கு, கண்காட்சித் தரையில வரிசையா இருக்கு.